ரேடியோ வீட்டுக் கேப்டன்

அந்தத் தெருவில் அவர்கள் வீட்டுக்கு 'ரேடியோ வீடு' என்று பெயர். வீட்டில் ரேடியோ கிடையாது. நாலு பேர் இருந்தார்கள், அதுவே போதுமாக இருந்தது. உப்பு எங்கே என்று ஒருவர் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி தன் சமையலறையிலிருந்து பதில் சொல்வாள் என்று ஒரு கேலி உண்டு. ஒருமுறை உண்மையாகவே சொல்லியும் இருக்கிறாள். போனில் பேசினால் எதிர்முனையில் இருப்பவர்கள் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் பிடிப்பார்கள். அவர்களுக்கு இதில் வெட்கமே இல்லை. எங்கள் ரத்தமே அப்படி, வாய்க்குள் முணுமுணுக்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். இப்படிப்பட்டவர்கள்தான் ஓர் உணவகம் திறக்கக் கிளம்பினார்கள்.

அப்பாவைத் தெருவே கேப்டன் என்றுதான் கூப்பிட்டது. கப்பலும் கிடையாது, பட்டாளமும் கிடையாது. பெரிய ஹோட்டல் ஒன்றில் பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் தலைவராக இருந்தவர். அந்தத் தொழிலில் அந்த வேலைக்கு அதுதான் பெயர். ஒரு ஆர்டரைக்கூடத் தாளில் எழுதிக்கொள்ளாதவர். மேஜை நிறைய ஆட்கள் உட்கார்ந்து ஆளுக்கொன்று சொன்னாலும் அவரவர் தட்டு அவரவர் முன்னால் வந்து உட்காரும். யாருக்கு முழங்கால் வலி, யாருக்கு மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எந்தக் குழந்தைக்குக் காரம் ஆகாது எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆட்கள் சாப்பிட வருகிறார்களா, கேப்டனிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போக வருகிறார்களா என்று முதலாளிக்கே சந்தேகமாம்.

போன வருஷம் அந்த வேலையை விட்டு வந்தார். வயசாகிவிட்டது, மரியாதையோடு விலகிக்கொண்டேன் என்றார். வந்த மறுவாரமே வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வருகிறவர் போகிறவரையெல்லாம் வாசலிலேயே மடக்கி உட்காரவைத்து உபசரித்த உபசரிப்பில், மின்சார மீட்டர் பார்க்க வந்த ஆள் அடுத்த முறை தனக்குப் பதில் வேறு ஆளை அனுப்பிவிட்டு நழுவிக்கொண்டார்.

"நமக்கே நமக்குன்னு ஒரு இடம் ஆரம்பிச்சா என்ன?" என்று முதலில் கேட்டது மூத்த மகள் பெரியவள்தான். அப்பா முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு அவளால் பின்வாங்க முடியவில்லை. அவள் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் உள்ளே எது எங்கே இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுக்கிற வேலையில் இருந்தாள். கல்யாணம் முறிந்து, பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வந்த அன்று சாயங்காலம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். வாழ்க்கையிலேயே அன்றுதான் அந்த வீட்டில் அவள் மெல்லப் பேசியது. அவர் குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை. கடைசியில் அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "எல்லாம் சரியாயிடும்மா" என்றார். ஊரே அறிவுரை சொல்லிக் கொன்ற நேரத்தில், அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நின்றாள். அதற்குத் தன்னால் ஆன கைம்மாறாக, அவர் நிற்பதற்கு ஒரு கதவு செய்து கொடுக்க நினைத்தாள்.

வேலைகளைப் பிரித்துக்கொண்டார்கள். கதவும், மேஜை மேஜையாக ஆர்டர் கேட்பதும் அப்பாவுக்கு. அடுப்பு அம்மாவுக்கு. கொள்முதல், கல்லா, பரிமாற வரும் ஆட்கள் எல்லாம் தம்பி பாடு. இடம் பெரியவளுக்கு.

துணிக் கிடங்காக இருந்த ஒரு கட்டடத்தைப் பிடித்து, சும்மா சொல்லக்கூடாது, இழைத்து இழைத்துச் செய்தாள். தாழ்வான பொய்க்கூரையைப் பிரித்துப்போட்டு மேலே கான்கிரீட்டை அப்படியே தெரியவிட்டாள். தரைக்கு வழவழவென்று சிமெண்ட். தெருப் பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. மேஜைகளுக்குக் கல் பலகை. திரைச்சீலை, மெத்தை, கம்பளம் என்று தூசி அடைகிற சமாச்சாரம் எதுவும் ஒத்துவராது என்று ஒதுக்கிவிட்டாள். கைப்பையை மாட்ட ஒவ்வொரு மேஜைக்கு அடியிலும் ஒரு கொக்கி வைத்தாள். குழந்தைகளுக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு கைகழுவும் தொட்டி. தனியாகச் சாப்பிட வருகிறவர்கள் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டாம் என்று, ஜன்னலோரம் தெருவைப் பார்த்தபடி ஓர் இருக்கை. விளக்கு யார் கண்ணிலும் குத்தக்கூடாது என்று அப்பாவையே ஒவ்வொரு நாற்காலியிலும் உட்காரவைத்துப் பார்த்தாள். கரியும் புகையும் பாத்திரச் சத்தமும் கூடத்துக்கு வராமல் சமையலறையைக் கடைசிக்குத் தள்ளி, நடுவே இரண்டு கதவு போட்டாள்.

வாசலில் ஒரு மேஜை போடலாமா என்று கேட்டபோது அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "மேஜைக்குப் பின்னாடி நின்னா வசூல் பண்ண நிக்கிறான்னு நினைப்பாங்க. கதவுகிட்ட சும்மா நிக்கணும். அப்பதான் வாங்கன்னு கூப்பிட நிக்கிறோம்னு தெரியும்!"

வேலை முடிந்த அன்று நாலு பேரும் கூடத்தின் நாலு மூலையில் நின்று சோதித்துப் பார்த்தார்கள்.

"கேக்குதா?" என்று தம்பி கத்தினான்.

"நல்லா கேக்குது!" என்று பெரியவள் கத்தினாள்.

"ஒரு மூலையில பேசினா மறு மூலையில கணீர்னு விழுது!" என்றார் அப்பா, பூரித்துப்போய். "வீட்டைவிட இங்க எனக்கு நல்லா கேக்குது!"

இதைவிட நல்ல அறை உலகத்தில் உண்டா என்று நாலு பேரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். வேறு எந்தக் குடும்பமாக இருந்தாலும் அந்த நிமிஷமே காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியிருக்கும். இவர்களுக்குப் பழக்கமான சத்தம், அதனால் உறைக்கவில்லை.

திறப்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓர் ஒத்திகை வைத்தார்கள். சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், அப்பாவின் பழைய வாடிக்கையாளர்கள் எல்லாரையும் கூப்பிட்டு, ஆர்டர் எடுப்பதிலிருந்து தட்டு எடுப்பது வரை நிஜமாகவே நடத்திப் பார்ப்பது. அப்பா புதுக் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு கதவருகே நின்றார். அவர் நின்ற அழகைப் பெரியவள் தள்ளி நின்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

கூடம் பாதி நிரம்பும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. முக்கால் நிரம்பியபோது கரண்டிச் சத்தம் கல்லில் பட்டு, சிமெண்டில் பட்டு, மேலே போய்த் திரும்பி வந்தது. நாற்காலியை ஒருவர் இழுத்தால் பத்துப் பேர் இழுத்ததுபோல் இருந்தது. பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்க வேண்டும் என்று ஒருவர் குரலை உயர்த்த, அதை மிஞ்ச அடுத்த மேஜைக்காரர் உயர்த்த, கடைசியில் சந்தைக்கடை தோற்றது. ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழுதது. அது அழுவதே வாய் அசைந்ததை வைத்துத்தான் தெரிந்தது. பெரியப்பா தூரத்திலிருந்து, சாப்பாடு பிரமாதம் என்று விரலைக் குவித்துக் காட்டிவிட்டு, கை கழுவிய ஈரம் காயுமுன் வெளியே போய்விட்டார். பேச வந்தவர்கள் பேச்சைக் கைவிட்டுவிட்டு, தலையைக் குனிந்து மளமளவென்று சாப்பிட்டார்கள். யாரும் குறை சொல்லவில்லை. வீட்டுக்காரர்கள் மனசு நோகக்கூடாது என்று கிளம்புவதில் மட்டும் அவசரம் காட்டினார்கள்.

பெரியவள் வரைந்து, அவளே நின்று கட்டிய அறை. ஒவ்வொரு மேஜையாகப் பார்த்தாள், ஒருவர் முகத்திலும் நிம்மதி இல்லை.

தம்பி வியர்த்து வழிய ஓடிவந்தான். "அக்கா, என்ன நடக்குது இங்க? சூப் கேட்டவங்களுக்கு மீன் போயிருக்கு. மீன் கேட்டவங்களுக்கு ஒண்ணுமே போகல. அப்பா ஆர்டர் எல்லாத்தையும் குளறுபடி பண்றார்."

"அப்பாவா? உளறாத."

"நானே பாத்தேன். இந்த அம்மா வேற அடுப்பை விட்டுட்டு விட்டுட்டுக் கூடத்துக்கு ஓடி வர்றா. உள்ள போன்னு மூணு தடவை துரத்திட்டேன்."

அந்தக் கூடத்திலேயே சந்தோஷமாக இருந்தவர் அப்பா ஒருவர்தான். ஒவ்வொரு மேஜையிலும் நின்று, லேசாகக் குனிந்து, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "ஆகட்டும்," "கண்டிப்பா," "உங்களுக்கு இல்லாததா?" என்று சிரித்துவிட்டு நகர்ந்தார். அவர் நகர்ந்த பிறகு அந்த மேஜைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் பூட்டுக்கடை அம்மா உள்ளே வந்தாள். அவளும் அவள் கணவரும் பழைய ஹோட்டலுக்கு ஞாயிறு தவறாமல் வருகிறவர்கள். கேப்டன் பார்க்கிற மேஜை காலியாகும்வரை நின்றுகொண்டே காத்திருப்பார்களாம். இன்று அவள் மட்டும் வந்திருந்தாள். அப்பா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எதிரே போனார். இருவர் உட்காரும் மேஜைக்கு அழைத்துப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு தம்ளரையும் நிமிர்த்தினார்.

"எங்க நம்ம அண்ணாச்சி? வண்டிய நிறுத்திட்டு வர்றாரா?"

பெரியவள் தண்ணீர் ஜாடியோடு பக்கத்து மேஜையில்தான் இருந்தாள். அந்த அம்மா ஒரு சின்னச் சிரிப்போடு, துக்கத்தைச் சொல்லும்போது மற்றவர்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று சிரிப்பார்களே அந்தச் சிரிப்போடு, சொன்னாள்.

"அவர் போன மாசம் தவறிட்டாருங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். நீங்க கடை திறக்கிறீங்கன்னு கேட்டா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்."

அப்பா முகம் மலர்ந்தது. "ரொம்ப சந்தோஷம்மா!" என்றார், தெருவுக்கே கேட்கிற தன் குரலில். "அடுத்த தடவை கண்டிப்பா அவரையும் கூட்டிக்கிட்டு வரணும்! அவர் வரலைன்னா எனக்குக் கோபம் வந்துடும், சொல்லிட்டேன்!"

சுற்றிலும் இருந்த மேஜைகள் அடங்கிப்போயின. அந்த அம்மா அவரையே பார்த்தாள். கேலி பண்ணுகிறாரா என்று தேடுகிற மாதிரி பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து நடந்தாள். அப்பா அவளை முந்திக்கொண்டு போய்க் கதவைத் திறந்து பிடித்தார்.

"அதுக்குள்ள கிளம்பிட்டீங்களா? அவசியம் மறுபடியும் வாங்க!"

பெரியவள் ஜாடியை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. இரண்டு கதவையும் தள்ளிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அம்மா கையில் கரண்டியோடு கதவுக்கு நேரே நின்றிருந்தாள், வெளியே வரலாமா கூடாதா என்று தெரியாமல்.

"அம்மா, அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கேக்காதுடி அவருக்கு. பத்துப் பதினஞ்சு வருஷமாவே குறைஞ்சுக்கிட்டு வருது. இப்ப சுத்தமா குறைஞ்சுபோச்சு."

"என்னம்மா சொல்ற? வீட்டுல நல்லாத்தானே பேசறார்?"

"வீட்டுல நாம எல்லாரும் கத்தறோமே."

ரத்தமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஒருவருக்குக் கேட்கவில்லை என்று தெரியாமலேயே, அவர் திரும்பிப் பார்க்கும்வரை குரலை உயர்த்தி உயர்த்தி, மூன்று பேர் கத்தப் பழகியிருந்தார்கள். அம்மாவுக்கு வீட்டில் 'எதிரொலி' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. யார் எது சொன்னாலும் அதை அப்பாவின் காதருகே இன்னொரு தடவை சொல்வாள். "ஏங்க, அவர் காபி வேணாங்கறார்." "ஏங்க, இவ நாளைக்கு லேட்டா வருவாளாம்." அப்பாவுக்கு என்ன காது இல்லையா என்று பிள்ளைகள் இரண்டு பேரும் சிரிப்பார்கள். விருந்தாளி வந்தால் அவள் அப்பாவைவிட்டு ஓர் அடி நகரமாட்டாள். அதையும் கேலி பண்ணியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட தன் அம்மாவைத்தான் இரண்டு கதவுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்திருந்தாள் பெரியவள்.

"ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லக்கூடாதுன்னு என்மேல சத்தியம் வாங்கிட்டார். ஹோட்டல்ல அவரா விலகல. ஆர்டர் மாறுது, ஆளுங்க முறையிடறாங்கன்னு அவங்கதான் போகச் சொன்னாங்க. மெஷின் வாங்கி மாட்டிக்கோங்கன்னு அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். காதுல மெஷினோட நிக்கிற கேப்டன் எவனுக்கு வேணும்னு கேட்டார்."

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா அவரைக் கதவுகிட்ட நிறுத்தியிருப்பியா?" என்றாள் அம்மா.

பெரியவள் கரண்டியை எடுத்து அம்மா கையில் திரும்பக் கொடுத்தாள்.

எல்லாரும் போன பிறகு அப்பா மேஜை மேஜையாகத் தம்ளர்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் களைப்பும் திருப்தியும். விஷயம் தெரிந்த தம்பி கல்லாப் பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அப்பாவுக்கு நல்ல நாற்காலியா ஒண்ணு போட்டு மரியாதையா உட்காரவெச்சிடலாம்க்கா. கதவுக்கு வேற ஆள் பாத்துக்கலாம்," என்றான். அவன் கெட்டவன் இல்லை. மத்தியானம் முழுக்க எல்லார் மேஜையிலும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தவன்.

பெரியவள் அப்பாவுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். அம்மா சொன்னதை அவள் மனசு இன்னும் நம்ப மறுத்தது. ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று, மற்ற மனிதர்கள் பேசுகிற அளவுக்குக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"உங்களுக்குக் காது கேக்கலைன்னு எங்ககிட்ட ஏம்ப்பா சொல்லல?"

அப்பா அவள் கண்களையே கவனமாகப் பார்த்தார். அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"எல்லாம் சரியாயிடும்மா," என்றார்.

அதே வார்த்தை, அதே தட்டிக்கொடுத்தல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சாயங்காலம் அவள் மெல்லத்தான் பேசினாள். குறுக்கே ஒரு கேள்வி கேட்காமல் அவர் உட்கார்ந்திருந்ததன் காரணம் இப்போதுதான் புரிந்தது. அவள் சொன்ன எதுவும் அவர் காதில் விழவே இல்லை. யாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று நம்பிக்கொண்டிருந்தாளோ, அவரிடம் இன்னும் எதையுமே சொல்லியாகவில்லை. கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. எது முந்தியது என்று சொல்ல முடியாது.

"பூட்டுக்கடைக்காரர் செத்துப்போயிட்டார்!" என்று கத்தினாள்.

போயிட்டார், போயிட்டார் என்று கூரை சொன்னது. கண்ணாடிக்கு வெளியே நடந்துகொண்டிருந்த ஒருவர் நின்று எட்டிப் பார்த்தார்.

"எப்போ?" என்றார் அப்பா.

"போன மாசம்! அதைத்தான் அந்தம்மா உங்ககிட்ட சொன்னாங்க!"

"நான் என்ன சொன்னேன்?"

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழி இல்லாமல் அதையும் கத்தித்தான் சொன்னாள். ரொம்ப சந்தோஷம் என்றது. அடுத்த தடவை கூட்டி வரச் சொன்னது. கதவைத் திறந்து பிடித்தது. ஒவ்வொன்றும் அவள் வாயிலிருந்து ஒரு தடவையும் கூரையிலிருந்து ஒரு தடவையும் அவர்மேல் விழுந்தது.

அப்பா கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். அதன் சுருக்கங்களை நீவிவிட்டார்.

"அந்தம்மா சிரிச்சாங்களேம்மா," என்றார் கடைசியில். "பேசறவங்க சிரிச்சா நானும் சிரிச்சிடுவேன். முகம் வாடியிருந்தா, சரியாயிடும்னு சொல்லிடுவேன். இத்தனை நாளும் அதை வெச்சுத்தான் ஓட்டினேன். பெரும்பாலும் ஒத்துப்போயிடும்."

"அப்ப, நான் திரும்பி வந்த அன்னைக்கு உங்ககிட்ட சொன்னது?" என்று அதே குரலில் கேட்டாள்.

அவர் தலைகுனிந்தார். "உன் முகம் தெரிஞ்சுது. பேச்சு கேக்கல. அம்மாகிட்ட அப்புறமா கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அதுவும் அவளுக்குத் தெரிஞ்ச மட்டும்தான்."

அம்மாவுக்குத் தெரிந்தது கால்வாசிகூட இல்லை. பெரியவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"திறப்பைத் தள்ளிப்போடறேன்!" என்றாள். "தப்பு இந்த ரூம்மேல. நான் பண்ணின தப்பு. கூரைக்குத் துணி கட்டி, சுவத்துக்கு மரம் அடிச்சு, சமையலறைக் கதவைப் பிச்சு எறிஞ்சா..."

"ரூம்மேல பழிபோடாத. இந்த ரூம்தான் என்னைக் காட்டிக்கொடுத்துச்சு. இது இல்லாட்டி அடுத்த மாசம் வேற யாரையாவது நோகடிச்சிருப்பேன்." எழுந்தார். "கதவுக்கு ஆள் பாருங்க. எனக்கு அந்த இடத்துல நிக்கிற யோக்கியதை கிடையாது."

மறுநாள் காலை அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பியபோது எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அம்மா வழக்கம்போல் கூடவே செருப்பை மாட்டினாள். அவர் வேண்டாம் என்றார். பெரியவள் விடாமல் பின்னால் போனாள். "நான் சும்மா நிக்கறேன், அவங்க சொல்றதை உங்க காதுல சொல்றேன்," என்றாள் வழியில்.

"நீ ஒண்ணும் சொல்லாத!" என்றார்.

பூட்டுக்கடை தெருவை ஒட்டிய சின்ன அறை. சுவர் முழுக்கச் சாவிகள் தொங்கின. அந்த அம்மா உயரமான நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சாவியை இடுக்கியில் பிடித்து அரத்தால் ராவிக்கொண்டிருந்தாள். ஆள் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். கேப்டனைப் பார்த்ததும் முகம் இறுகியது. மறுபடியும் குனிந்துகொண்டாள்.

அப்பா படியில் ஏறாமல் தெருவிலேயே நின்றார். குரலைத் தாழ்த்தத்தான் முயற்சி பண்ணினார் பாவம், அவருக்கு அளவு தெரியவில்லை. "நேத்து நான் பேசினது பெரிய தப்பும்மா. அவர் காலமானது எனக்குத் தெரியாது. தெரிஞ்சு சொல்லல. என்னை மன்னிச்சிடுங்க."

பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா அரத்தை நிறுத்தாமல், தலையைத் தூக்காமல் ஏதோ சொன்னாள். பெரியவளுக்குக் கேட்டது. அப்பாவுக்குக் கேட்கவில்லை. உதடும் தெரியவில்லை, முகமும் தெரியவில்லை. அவர் பெரியவள் பக்கம் திரும்பினார். அவள் தரையைப் பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டு, வரேன்மா என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம். இத்தனை வருஷமும் அப்படித்தான் கிளம்பியிருக்கிறார். இப்போதும் கிளம்பிவிடுவார் என்றுதான் பெரியவள் பயந்தாள். அப்படிக் கிளம்பிவிட்டால், கூரைக்கு எத்தனை துணி கட்டினாலும் அவரைக் கதவருகே நிறுத்த முடியாது.

"எனக்குக் காது கேக்காதும்மா," என்றார் அப்பா.

தெருவில் அத்தனை பேர் இருந்தார்கள். அவர் முகம் காது மடல்வரை சிவந்தது.

"நேத்தும் கேக்கல. கேட்ட மாதிரி நடிச்சேன். இப்பவும் நீங்க சொன்னது கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

அரம் நின்றது. அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு இன்னும் ஆறலைன்னு சொன்னேன்."

"இன்னும் கொஞ்சம் சத்தமாம்மா."

"ஆறல!" என்று கத்தினாள் அவள். "அத்தனை பேர் நடுவுல அவரைக் கூட்டிட்டு வான்னு சொன்னீங்களே! எங்கேருந்து கூட்டிட்டு வருவேன்? ராத்திரி பூரா அதேதான் காதுல கேட்டுக்கிட்டிருந்துச்சு! உங்களை மன்னிக்க எனக்கு மனசு வரல! போதுமா? கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா," என்றார் அப்பா.

அவர் நகரவில்லை. அவளுக்கும் ஆரம்பித்த வேகத்தில் நிறுத்தத் தெரியவில்லை. அரத்தை மேஜையில் போட்டுவிட்டு, இதுவரை ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்லாததை அந்தத் தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லத் தொடங்கினாள். தன் வீட்டுக்காரர் அன்று காலை எழுந்திருக்கவே இல்லை என்றாள். காபி ஆறிப்போகுதுன்னு ரெண்டு தடவை கூப்பிட்டேன், திட்டக்கூடத் திட்டினேன் என்றாள். குரல் உடைந்து தாழ்ந்தபோது அப்பா படியில் ஒரு காலை வைத்து, எல்லார் முன்னிலையிலும் கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு, அவள் பக்கமாகச் சாய்ந்தார்.

"திட்டினீங்க," என்றார். "அப்புறம்?"